பாதாளச் சாக்கடையும் மர வேரும்

மரம் நடுவதும் ஊரைத் தூய்மையாக வைத்திருப்பதும் பஞ்சாயத்துக்களின் தலையாய கடமைகள். ஒன்றற்கொன்று துணை நிற்க வேண்டிய இவ்விரு பணிகளும், பாதாளச் சாக்கடை அமைந்த ஊர்களில் சில வேளை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. சாலையோரத்தில் நிழல் தந்து நிற்கும் மரத்தின் வேர், மண்ணுக்கடியில் செல்லும் சாக்கடைக் குழாயினுள் புகுந்து அதனை அடைத்துவிடுகிறது. தெருவில் கழிவுநீர் பொங்கி வழிகிறது. தாழ்வான வீடுகளின் கழிப்பறைகளில் அது எதிர்த்து ஏறுகிறது. உடனே, மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று ஒரு சாராரும், குழிக்குள் ஆளை இறக்கி அடைப்பை எடுக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் மன்றத்தில் வந்து முறையிடுகின்றனர்.

இவ்விரு யோசனைகளுமே தவறானவை. முதல் யோசனை, பல்லாண்டு பேணி வளர்த்த மரத்தை வீணாக்குகிறது. இரண்டாவது யோசனை மனித உயிரைப் பலி கேட்கிறது. சாக்கடையில் வேர் புகுவதற்கு மூலகாரணம் குழாயில் உள்ள கசிவே ஆகும். கசிவில்லாத குழாயில் வேர் நுழைய வழி இல்லை. நகரங்களை அடுத்துள்ள பஞ்சாயத்துக்களிலும் பேரூராட்சிகளிலும் பாதாளச் சாக்கடைப் பணிகள் நடைபெறும் இக்காலத்தில், இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டால் பிற்காலத்தில் பெருஞ்செலவையும் பெருந்துன்பத்தையும் தவிர்க்கலாம்.

வேர் குழாயை அடையும் விதம்

வேரின் இயல்பைப் பற்றி விவசாயப் பெருமக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் கரையில் நிற்கும் மரம் செழித்து வளர்வதையும், வரப்போரத்து மரத்தின் வேர் பக்கத்து வயலின் உரத்தை உண்பதையும் அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். வேர், தொலைவில் இருக்கும் குழாயை அறிந்து அதனை நோக்கிச் செல்வதில்லை. நுண்வேர்கள் நாலா பக்கமும் பரவுகின்றன. ஈரமும் காற்றும் சத்தும் ஒருங்கே கிடைக்கும் இடத்தில் அவை தழைக்கின்றன. கிடைக்காத இடத்தில் நலிந்து போகின்றன.

கசியும் சாக்கடைக் குழாயைச் சுற்றி இம்மூன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. சாக்கடைக் குழாய் பெரும்பாலும் நிரம்பி ஓடுவதில்லை. ஆகையால் அதன் மேற்பகுதியில் காற்று இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் சுற்றியுள்ள மண் வறண்டு கிடக்கும்போதும், கசியும் இணைப்பை ஒட்டிய மண் மட்டும் ஈரமாக இருக்கிறது. அவ்வழியே வந்த நுண்வேர் அங்கே தங்கிப் பெருகுவதில் வியப்பில்லை.

இதற்கு மற்றொரு துணைக் காரணமும் உண்டு. மரத்தின் வேர்களில் மிகுதியானவை மேல்மண்ணில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஓடுகின்றன. கீழே உள்ள இறுகிய மண்ணில் அவை எளிதில் இறங்குவதில்லை. ஆனால் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடும்போது நிரப்பும் மண் இளகியதாக இருப்பதால், அவ்வழியே வேர்கள் ஆழமாக இறங்கிவிடுகின்றன. மேலும், கிளைகளின் நிழல் விழும் எல்லையைக் கடந்தும் வேர்கள் வெகுதூரம் ஓடும். ஆகவே, குழாய்க்கு நேர் மேலே மரம் இல்லை என்று அசட்டையாக இருந்துவிடலாகாது.

அடைப்பும் அதன் விளைவுகளும்

நல்ல நிலையில் உள்ள குழாயின் சுவரை வேர் துளைப்பதில்லை. வெடிப்பிலோ, சரியாகப் பூசப்படாத இணைப்பிலோ மயிரிழை போன்ற நுண்வேர் முதலில் நுழைகிறது. உள்ளே சென்றதும் அது நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, குதிரை வால் போலக் குழாயினுள் தொங்குகிறது. கழிவுநீருடன் வரும் கந்தல் துணி, தலைமயிர், எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக் உறை ஆகியவை அதில் சிக்கிக்கொள்கின்றன. நீரோட்டம் மெதுவானதும் வண்டல் படிகிறது. இறுதியில் குழாய் முற்றிலும் அடைபடுகிறது.

இதற்கிடையில், இணைப்பில் நுழைந்த வேர் ஆண்டுதோறும் பருத்து, மயிரிழை அளவான இடைவெளியை விரல் நுழையும் அளவுக்கு விரிக்கிறது. குழாய் பிளக்கிறது. மேலிருக்கும் மண் குழாயினுள் சரிந்து அடித்துச் செல்லப்படுவதால், சாலையில் திடீர்ப் பள்ளம் ஏற்படுவதும் உண்டு.

இவற்றினும் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. வேர் உள்ளே வரும் வழியே கழிவுநீர் வெளியே செல்கிறது. அது அருகிலுள்ள கிணறுகளைக் கெடுக்கும். குடிநீர்க் குழாய்களில் நாள் முழுவதும் நீர் ஓடாத ஊர்களில், நீர் நின்றிருக்கும் நேரத்தில் வெளியே உள்ள அழுக்கு நீர் வெடிப்புக்களின் வழியே குடிநீர்க் குழாயினுள் புகக்கூடும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகிய நோய்கள் இவ்வாறு பரவ இடமுண்டு. ஆகையால், வேர் அடைப்பைத் தெருவின் அசௌகரியம் என்று மட்டும் கருதாமல், ஊரின் சுகாதாரத்தைப் பற்றிய பிரச்சினையாகவே மன்றங்கள் கருத வேண்டும்.

இணைப்புக்களின் கணக்கு

பழைய சாக்கடைகள் பலவற்றில் ஸ்டோன்வேர் எனப்படும் மெருகிட்ட சுட்டமண் குழாய்களே பதிக்கப்பட்டுள்ளன. இக்குழாய்கள் கழிவுநீரால் அரிக்கப்படுவதில்லை, நெடுங்காலம் உழைப்பவை. ஆனால் இவை நீளம் குறைந்தவை. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயைக் கொண்டு, 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஆள்நுழை குழிகளை இணைப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 50 குழாய்கள் வேண்டும். இணைப்புக்களும் ஏறக்குறைய 50 ஆகின்றன. அத்தனையும் வேர் நுழையக்கூடிய வாயில்களே. தார் தோய்த்த சணலைச் செருகிச் சிமெண்டுக் கலவை பூசி இவ்விணைப்புக்கள் அடைக்கப்படுகின்றன. சிமெண்டுப் பூச்சு வளைந்து கொடுக்காது. மண் சற்று அமிழ்ந்தாலும் வெடித்துவிடும். மழையில் விரிந்து கோடையில் சுருங்கும் கரிசல் மண்ணில் இவ்வபாயம் அதிகம்.

6 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தினால், அதே தூரத்துக்கு 5 குழாய்களே போதும். ரப்பர் வளையம் பொருத்திய இணைப்பு, மண் சிறிது அசைந்தாலும் கசியாது. எனினும், வளையத்தை முறுக்கியோ மண் ஒட்டியபடியோ பொருத்தினால் இதிலும் வேர் நுழையும். பொருளின் தரத்தோடு வேலையின் தரமும் கவனிக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் பலவீனமான இடம் வீட்டு இணைப்பாகும். தெருக் குழாயில் உளியால் ஓட்டையிட்டு, வீட்டுக் குழாயை அதில் செருகி, சுற்றிலும் கலவையை அப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது வேருக்கு நாமே வாயில் திறந்து வைப்பதாகும். கிளைக்குழாய்த் துண்டு பொருத்தியே வீட்டு இணைப்புத் தரப்பட வேண்டும். இணைப்பு முடிந்ததும் மன்றத்தின் மேற்பார்வையாளர் நேரில் பார்த்த பின்னரே பள்ளத்தை மூட அனுமதிக்க வேண்டும்.

அடையாளம் காணுதல்

ஒரே தெருவில், ஒரே இடத்தில், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அடைப்பு ஏற்பட்டால் அங்கே வேர் புகுந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். கழிவுநீர் மெதுவாக வடிதல், கழிப்பறையில் நீர் ஊற்றும்போது குமிழியிடும் ஓசை கேட்டல், கோடையிலும் மரத்தடி மண் ஈரமாக இருத்தல், அடைப்பு எடுக்கும் கம்பியில் மெல்லிய வேர்கள் சுற்றிக்கொண்டு வருதல் ஆகியவை மற்ற அடையாளங்கள்.

விளக்கும் கண்ணாடியும் கொண்டு செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. நேராகப் பதிக்கப்பட்ட குழாயின் ஒரு முனையில் விளக்கை வைத்து, மறு முனையில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், தடையில்லாத குழாயில் முழுநிலவைப் போன்ற ஒளி வட்டம் தெரியும். வட்டம் குறைபட்டுத் தெரிந்தால் வேரோ வண்டலோ உள்ளது என்றும், ஒளியே தெரியாவிட்டால் குழாய் அடைபட்டோ கோணியோ உள்ளது என்றும் அறியலாம். புதுக் குழாய்களைப் பள்ளத்திலேயே சோதிக்க இம்முறை மிக ஏற்றது. பயன்பாட்டில் உள்ள குழாய்களுக்குள் சிறு காமிராவைச் செலுத்திப் பார்க்கும் வசதி இப்போது உள்ளது. செலவு மிகுந்த பழுதுபார்ப்பைத் தொடங்கும் முன்னர், பழுது எந்த இணைப்பில் உள்ளது என்பதைக் காமிரா மூலம் உறுதி செய்துகொள்வது சிக்கனமாகும்.

வேரை அகற்றுதல்

மூங்கில் பிளாச்சினாலும் இணைப்புக் கம்பிகளினாலும் அடைப்பைக் குத்தி விடுவது பழைய முறை. இதனால் நீர் தற்காலிகமாக ஓடும். வேர் அப்படியே இருக்கும். ஜெட் ராடிங் இயந்திரம் மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி வண்டலை நீக்குகிறது. அதன் முனையில் வேர் வெட்டும் கருவியைப் பொருத்தி வேர்களையும் வெட்டலாம். வேலையைத் தாழ்வான பக்கத்துக் குழியிலிருந்து தொடங்கி, வெட்டுண்டு வரும் வேர்களைத் தெருமட்டத்தில் நின்றபடியே கொக்கியினாலும் வலையினாலும் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், அவையே கீழே சென்று அடுத்த தெருவை அடைக்கும்.

ஆனால், வெட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முருங்கைக் கிளையை வெட்டினால் அவ்விடத்தில் பல கிளைகள் துளிர்க்கின்றன அல்லவா? வேரும் அப்படியே. வெட்டிய முனையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாக நுண்வேர்கள் வளரும். ஆகையால், வேரை வெட்டியவுடன் அது நுழைந்த வழியை அடைத்தாக வேண்டும். ஓரிரு இணைப்புக்களே பழுதாயிருந்தால், அவ்விடத்தைத் தோண்டிப் புதுக் குழாய் பொருத்துவது நல்லது. தொடர்ச்சியாகப் பல இணைப்புக்கள் கெட்டிருந்தால், அந்தப் பகுதியை முழுவதுமாக மாற்றுவதோ, பழைய குழாயினுள் இணைப்பற்ற உறையைச் செலுத்தி இறுகச் செய்வதோ சிறந்தது. ஆண்டுதோறும் அடைப்பு எடுக்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஒருமுறை செம்மையாகப் பழுது நீக்குவதே இலாபம் என்பது விளங்கும்.

மயில்துத்தம் பயன்படுமா?

போர்டோ கலவை தயாரிக்கும் விவசாயிகள் யாவரும் மயில்துத்தத்தை அறிவார்கள். அதனைச் சாக்கடையில் இட்டால் வேர் கருகும் என்பது உண்மையே; அமெரிக்காவில் இம்முறை நெடுங்காலம் கையாளப்பட்டுள்ளது. எனினும் இதில் குறைகள் பல. ஓடும் நீரில் இட்ட மயில்துத்தம் வேரில் தங்காமல் அடித்துச் செல்லப்படுகிறது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு; செப்டிக் டாங்கிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் அவற்றின் வேலையைக் கெடுக்கும். நீர்நிலையை அடைந்தால் மீன்களைக் கொல்லும். சுத்திகரித்த நீரையோ வண்டல் எருவையோ வயலுக்குப் பயன்படுத்தும் ஊர்களில் செம்பு மண்ணில் சேர்ந்துவிடும். அது சிதைந்து மறைவதில்லை. உப்பைக் கொட்டுவதும் நிலத்தையும் கிணற்றையும் கெடுப்பதே. மேல்நாடுகளில் பயன்படும் வேர்க்கொல்லி நுரைகள் தேர்ச்சி பெற்றவர்களே கையாளத்தக்கவை. சுருங்கச் சொன்னால், மருந்து எதுவும் பழுதான இணைப்பைச் செப்பனிடாது. மன்றங்கள் இவற்றை நம்பி இருத்தல் வேண்டா.

குழிக்குள் ஆளை இறக்கலாகாது

வேர் அடைப்பு இறுகியதாக இருப்பதால், ஒருவர் குழிக்குள் இறங்கி அரிவாளால் வெட்டினால் எளிது என்று எண்ணுவோர் இன்றும் உளர். இதைவிடக் கொடிய தவறு வேறில்லை. கழிவுநீர் தேங்கிய குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போது நுகரும் ஆற்றலையே அது மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பதும் ஆபத்து. மீத்தேன் வாயு இருந்தால் தீப்பற்றும். அடைப்பை உடைக்கும்போது தேங்கிய நீரும் வாயுவும் திடீரென வெளிப்படும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்த துயர நிகழ்ச்சிகள் நாட்டில் பல முறை நடந்துள்ளன.

சட்டமும் இதனைத் தெளிவாகத் தடை செய்கிறது. 2013ஆம் ஆண்டு நடுவண் அரசு இயற்றிய, கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, சாக்கடையையோ செப்டிக் டாங்கையோ அபாயகரமான முறையில் துப்புரவு செய்ய எவரையும் எவரும் ஈடுபடுத்தலாகாது. உள்ளாட்சி மன்றமும் ஒப்பந்தக்காரரும் இதற்கு உட்பட்டவர்களே. முதன்முறை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

இயந்திரம் இல்லாத பஞ்சாயத்துக்கள், அருகிலுள்ள நகராட்சியிடமிருந்து வாடகைக்குப் பெற முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இயந்திரம் வருவதற்கு ஒரு நாள் தாமதமானால் தெரு நாறும், அவ்வளவே. அவசரத்தினால் ஒரு குடும்பம் அநாதையாகிவிடக் கூடாது.

புதுக் குழாய் பதிக்கும்போது

வேரைத் தடுக்கும் நற்காலம் குழாய் பதிக்கும் காலமே. பள்ளத்தின் அடியைச் சமப்படுத்திக் கெட்டிக்க வேண்டும். குழாய் முழு நீளத்துக்கும் மண்ணில் அமர வேண்டும். இணைப்புக்கள் முடிந்ததும் பள்ளத்தை உடனே மூடலாகாது. குழாயின் தாழ்ந்த முனையை அடைத்து, நீரை நிரப்பி, நீர்மட்டம் இறங்குகிறதா, எந்த இணைப்பிலாவது ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்று நீர் கசியும் துளையில் நாளை வேர் நுழையும். இச்சோதனை நடக்கும் நாளில் வார்டு உறுப்பினர் நேரில் இருந்து பார்ப்பது அவசியம். மூடும்போது மண்ணை அடுக்கடுக்காக இட்டுக் கெட்டிக்க வேண்டும். மரத்தின் அருகே குழாய் செல்ல நேர்ந்தால் அங்கே இணைப்பு வராதபடி நீளக் குழாயை அமைக்கலாம். கூடுமாயின் சாலையின் மறுபக்கத்துக்கு மாற்றலாம். பள்ளம் தோண்டும்போது மரத்தின் ஒரு பக்கத்துப் பெருவேர்களை வெட்டிவிட்டால், ஐப்பசி, கார்த்திகைப் புயலில் அம்மரம் சாய்ந்து உயிர்ச்சேதம் விளைக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

எந்த மரம், எங்கே?

ஆல், அரசு, அத்தி இனங்கள் குளக்கரைக்கும் கோயில் வெளிக்கும் ஏற்றவை. குழாய் செல்லும் குறுகிய தெருவுக்கு ஏற்றவை அல்ல. பறவைகளின் எச்சத்தினால் இவற்றின் விதைகள் கிணற்றுச் சுவரிலும் ஆள்நுழை குழியின் வெடிப்பிலும் முளைப்பதைக் காணலாம். விரல் பருமனுக்கு முன்பே இவற்றைப் பிடுங்கி, வெடிப்பைப் பூசிவிட வேண்டும். தூங்குமூஞ்சி மரத்துக்கும் பரந்த இடம் தேவை. அழகுக்காக நடப்பட்ட கோனோகார்பஸ் மரம், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அதன் வேர் கெடுக்கிறது என்ற புகாரும் எழுந்ததால், குஜராத்தில் 2023ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அதனைப் புதிதாக நட வேண்டா.

தென்னை, பனை ஆகியவற்றின் வேர்கள் மற்ற மரங்களின் வேர்களைப் போல ஆண்டுதோறும் பருப்பதில்லை. ஆகவே அவை குழாயைப் பிளப்பது அரிது. ஆயினும் திறந்த இணைப்பில் அவையும் நுழைந்து அடைக்கும். குறுகிய தெருக்களில் சிறு மரங்களைக் குழாயிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியும், பெருமரங்களை அதனினும் இரு மடங்குக்கு மேல் தள்ளியும் நடுவது நல்லது. ஏற்கெனவே நிற்கும் நல்ல மரத்தை, அடைப்பு ஒன்றையே காரணமாகக் காட்டி வெட்டுதல் கூடாது. ஒரு மரத்தை வெட்டிய பின்னும் கசிவு அப்படியே இருந்தால் அடுத்த மரத்தின் வேர் அங்கே வந்து சேரும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

பாதாளச் சாக்கடை இல்லாத சிற்றூர்களிலும் இவ்விதிகள் பொருந்தும். செப்டிக் டாங்கின் சுவர் நீர் கசியாததாக இருக்க வேண்டும். கழிப்பறையிலிருந்து அதற்குச் செல்லும் குழாயின் இணைப்புக்களும் அவ்வாறே. இரட்டைக் குழிக் கழிப்பறையின் நிலை வேறு. அக்குழிகளின் சுவரில் நீர் ஊறுவதற்கென்றே துளைகள் விடப்படுகின்றன. அவற்றை அடைத்தால் குழி பயன்படாது. எனவே மரத்தைத் தூரத்தில் நடுவதே அங்கே பாதுகாப்பு. குளியலறை நீரையும் சமையலறை நீரையும் வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவற்றுக்குப் பாய்ச்சிப் பயன் பெறலாம்.

மன்றம் செய்யத்தக்கவை

ஒவ்வொரு மன்றமும் குழாய்கள் செல்லும் வழி, ஆள்நுழை குழிகள், வீட்டு இணைப்புக்கள், அருகிலுள்ள மரங்கள் ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அடைப்பு ஏற்பட்ட இடம், நாள், எடுக்கப்பட்ட பொருள், செலவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வந்தால், ஓரிரு ஆண்டுகளில் பழுதான பகுதி தானே புலப்படும். வேர் தென்பட்ட பகுதிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் ஆவணி, புரட்டாசியில் இயந்திரத்தினால் துப்புரவு செய்துவிட வேண்டும். மரம் நடும் திட்டம் மன்றத்தின் முன் வரும்போது இவ்வரைபடத்தையும் உடன் வைத்துப் பார்த்தல் நலம்.

ஊருக்கு நிழலும் வேண்டும், தூய்மையும் வேண்டும். இணைப்பை இறுக அமைத்து, மரத்தை உரிய இடத்தில் நட்டு, அடைப்பை இயந்திரத்தினால் எடுத்தால், இரண்டையும் நாம் குறைவின்றிப் பெறலாம். தம் ஊரில் அடிக்கடி அடைபடும் தெரு எது என்பதை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே உறுப்பினர்கள் கேட்டறிந்து, அங்கிருந்து இப்பணியைத் தொடங்குவார்களாக.